இடுக்கு எங்கே?

பெண்ணாடம் வழியாக ஒற்றை ரயில் பாதை மட்டும் இருந்த நாட்களில், அந்த ஊர் ஸ்டேஷனில் வண்டி நின்றுவிட்டால் பிரயாணிகளுக்குள் ஒரு மகாநாடே கூடிவிடும். “என்ஜினில் ஏதோ கோளாறு” என்பார் ஒருவர். “டிரைவர் காப்பி சாப்பிடப் போயிருக்கிறார்” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “இந்தத் தேசத்தில் எதுதான் நேரப்படி நடக்கிறது?” என்று ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். என்ஜினில் கோளாறு இராது; டிரைவர் தம் இடத்திலேயே இருப்பார்; தேசத்தின் மீதும் குற்றம் இராது. எட்டு மைலுக்கு அப்பால் எதிர் வண்டி ஒன்று வந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். “தம்பி! வண்டி நிற்கிற இடம் ஒண்ணு. வண்டியை நிறுத்துகிற இடம் வேறே. ஜனங்க நிற்கிற இடத்தையே பார்த்துக்கிட்டுத் திட்டுறாங்க” என்றார்.

அவர் காலேஜில் படித்தவர் அல்ல. ஆனாலும் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு பெரிய சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. உலகத்தின் பல பாகங்களிலும் பௌதிக சாஸ்திரிகளும் கணித சாஸ்திரிகளும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதை ஆராய்ந்து வருகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக, முந்திச் செல்ல இடமில்லாத ஒரே வரிசையில் போகிற பொருள்கள், வழியில் ஓர் இடுக்கு வந்தால் என்ன ஆகின்றன என்பதே அந்த ஆராய்ச்சி. ரயில் வண்டிக்கும், கரும்பு வண்டிக்கும், எறும்புக்கும், நம் உடம்பில் உள்ள அணுவணுவான யந்திரங்களுக்கும் அந்தச் சாஸ்திரம் பொதுவானது.

பாடல் பெற்ற ஊர்

பெண்ணாடத்தை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. கடலூர் ஜில்லாவில், விருத்தாசலத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றின் வடகரைப் பக்கம் அமைந்த ஊர் இது. சிவஞான போதத்தை அருளிய மெய்கண்டார் அவதரித்த ஸ்தலம். இங்குள்ள பிரளயகாலேசுவரர் ஆலயத்துக்குத் திருத்தூங்கானை மாடம் என்று பெயர். கருவறையின் விமானம், படுத்து உறங்கும் யானையின் முதுகைப்போல் வளைந்திருப்பதால் வந்த பெயர் அது. திருஞானசம்பந்தரும் அப்பரும் பாடிய க்ஷேத்திரம்.

ஊருக்கு விஞ்ஞானச் சிறப்பு உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குக் குறுக்கே செல்லும் ரயில் பாதை இந்த ஊர் வழியாகப் போகிறது. அந்தக் காலத்து மனிதர்கள் அதை இன்றும் ‘கார்டு லைன்’ என்றே சொல்வார்கள். சென்னைக்கும் தென் ஜில்லாக்களுக்கும் இடையே ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வழியேதான் ஓடுகின்றன. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டும் இந்த வழியில் செல்கிறது. சுற்றுப்புறத்து வயல்களில் கரும்பு விளைகிறது. ரயிலும் கரும்பும் சேர்ந்து, இடுக்கு என்பது என்ன என்று இந்த ஊராருக்குப் பல தலைமுறைகளாகப் பாடம் சொல்லியிருக்கின்றன.

இரும்புப் பந்து

முதலில் ரயிலை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலத்திலிருந்து தெற்கே போனால் தாழநல்லூர், பெண்ணாடம், ஈச்சங்காடு என்று ஸ்டேஷன்கள் வரும். இப்படி அடுத்தடுத்துள்ள இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட பாதையை ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பாதையில் உள்ள விதி மிகவும் எளியது: ஒரு கட்டத்தில் ஒரு சமயத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். இரண்டாவது வண்டிக்கு இடமில்லை. இருந்தால் விபத்து.

இந்த விதி தவறாமல் நடப்பதற்காக நம் நாட்டு ஒற்றைப் பாதைகளில் பல காலம் ஓர் இரும்புப் பந்து உபயோகத்தில் இருந்தது. ஒரு கட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள ஸ்டேஷன்களில் இரண்டு யந்திரங்கள். இரண்டுக்கும் மின்சாரத் தொடர்பு. ஒரு யந்திரத்திலிருந்து ஒரு பந்தை வெளியே எடுத்துவிட்டால், அந்தப் பந்து ஏதாவது ஒரு முனையில் திரும்ப உள்ளே போடப்படும் வரையில் இரண்டிலிருந்தும் இன்னொரு பந்து வராது. அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். பந்து கையில் இருந்தால்தான் வண்டி அந்தக் கட்டத்துக்குள் நுழையலாம்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடலாம். இது உதாரணத்துக்கு நானே கட்டிய கணக்கு. நாலு கட்டங்கள் உள்ள ஒற்றைப் பாதை ஒன்று. அவற்றைக் கடக்க முறையே 8, 10, 16, 9 நிமிஷங்கள் ஆகின்றன. பந்து மாற்றவும் கைகாட்டி இறங்கவும் ஒவ்வொரு தடவையும் 4 நிமிஷம். அப்படியானால் மணிக்கு எத்தனை வண்டிகள் அந்தப் பாதையில் போகலாம்?

முதற் கட்டத்தைப் பார்த்தால் 12 நிமிஷத்துக்கு ஒன்று. ஆகவே மணிக்கு ஐந்து வண்டி போகலாம் என்று தோன்றும். ஆனால் மூன்றாவது கட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் 20 நிமிஷம் பிடிக்கிறது. மணிக்கு மூன்று வண்டிக்குமேல் அதற்குள் நுழைய முடியாது; அதுவும் போகிறதும் வருகிறதும் சேர்த்து மூன்று. பாதை முழுவதற்கும் அந்த மூன்றுதான் விதி. முதற் கட்டத்தில் வேகமான என்ஜினைப் பூட்டி எட்டு நிமிஷத்தை ஆறாகக் குறைத்தாலும் மூன்றுதான். நாலாவது கட்டத்துக்குப் புதுத் தண்டவாளம் போட்டாலும் மூன்றுதான். செலவு செய்த பணம் அத்தனையும் வெள்ளாற்று மணலில் ஊற்றிய தண்ணீர்!

அதற்குப் பதிலாக, பதினாறு நிமிஷக் கட்டத்தின் நடுவில் வண்டிகள் மாறிக்கொள்வதற்கு ஒரு சிறு ஸ்டேஷன் மட்டும் கட்டினால் என்ன ஆகும்? அந்தக் கட்டம் எட்டு, எட்டாகப் பிரிந்துவிடும். உடனே மணிக்கு நாலு வண்டிக்குமேல் போகலாம். இப்போது பத்து நிமிஷக் கட்டம் புதிய இடுக்காகிவிடும். இடுக்கு ஒழிந்து போகாது, இடம் மாறும். அதைப் பின்தொடர்ந்து போவதுதான் கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு விசேஷம். வண்டிகள் காத்து நிற்பது அந்தப் பதினாறு நிமிஷக் கட்டத்தில் அல்ல. அதற்கு முன்னால் உள்ள ஸ்டேஷன்களில். இடுக்கான இடத்தில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இடுக்குக்கு அப்பாலோ பாதை வெறிச்சென்று கிடக்கும். ஜனங்கள் முணுமுணுப்பதெல்லாம், ஒரு தவறும் செய்யாத ஸ்டேஷனில். பெரியவர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

2020-ஆம் வருஷம் பிறப்பதற்கு முன்பே விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே இரட்டைப் பாதை போட்டு முடிந்துவிட்டது. போகிற வண்டிக்கு ஒரு பாதை, வருகிற வண்டிக்கு ஒரு பாதை. எதிர் வண்டிக்காகப் பெண்ணாடத்தில் கூடிய மகாநாடுகளும் அதோடு கலைந்தன. ஆனால் இரட்டைப் பாதை போடும் வேலை எங்கு நடந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். நூறு மைலில் தொண்ணூறு மைல் வேலை முடிந்ததும், “இன்னும் ஏன் வண்டிகள் தாமதமாகின்றன?” என்று ஜனங்கள் கேட்பார்கள். மிச்சமிருக்கும் பத்து மைல் ஒற்றைப் பாதைதான் நூறு மைலையும் ஆண்டுகொண்டிருக்கும். கடைசி மைல் முடிகிற அன்றைக்குத்தான் முதல் மைலுக்குச் செய்த செலவு முழுப் பலன் கொடுக்கும்.

ஆலை வாசலில்

ரயில் தாமதமானால் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்த பிறகு போய்ச் சேருவோம்; பந்தியாவது மிச்சம் இருக்கும். கரும்பு வண்டி தாமதமானால் விவசாயியின் ஒரு வருஷப் பாடு தெருவில் காய்கிறது.

பெண்ணாடத்தை அடுத்த இறையூரில் சர்க்கரை ஆலை ஓடிய காலங்களில், அரைவைப் பருவம் வந்துவிட்டால் சாலையெல்லாம் கரும்பு வண்டிகள்தான். கரும்பு விளையும் எந்த ஊர் ஆலை வாசலிலும் பருவ காலத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். டிராக்டர்கள், லாரிகள், மாட்டு வண்டிகள். வண்டிக்கடியில் படுத்துறங்கும் மனிதர்கள். வைக்கோலுக்கு அண்ணாந்து பார்க்கும் மாடுகள். எடை மேடை ஒன்று. அதைத் தாண்டினால் கரும்பைப் பிழியும் உருளைகள். நாளொன்றுக்கு இத்தனை டன் என்று அந்த உருளைகளுக்கு ஓர் அளவு உண்டு. அதற்குமேல் ஒரு கட்டுக் கரும்பும் அவை வாங்கா.

வெட்டிய கரும்பு, விறகு மாதிரி வைத்திருந்து எரிக்கிற பொருள் அல்ல. வெட்டிய கணத்திலிருந்து வெயிலில் ஈரம் வற்றி எடை குறைகிறது. உள்ளே இருக்கும் சர்க்கரையும் உடைந்து வேறு பொருளாக மாறுகிறது. ஒரு நாளைக்குள் ஆலைக்குள் போய்விட்டால் நல்லது; மேலே போகிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். விவசாயிக்கு எடைக்குத்தான் பணம். ஆலை வாசலில் நிற்கும் வரிசையில் அவனுடைய பணம் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அது அலங்கார வார்த்தை அல்ல. நிஜமாகவே ஆவியாகத்தான் போகிறது.

அப்போது மனிதன் என்ன செய்கிறான்? “பக்கத்து வயல்காரன் வெட்டிவிட்டானே! நாமும் சீக்கிரம் வெட்டி, வரிசையில் முன்னால் போய் நிற்போம்” என்கிறான். எல்லோரும் இப்படியே செய்கிறார்கள். உருளைகள் முன்போல் அதே அளவைத்தான் பிழிகின்றன. வரிசை மட்டும் ஒரு மைல் நீளுகிறது. எல்லாருடைய கரும்பும் ஒரு நாள் அதிகமாகக் காய்கிறது. இதனால்தான் ஆலைகள் ‘வெட்டு உத்தரவு’ என்று ஒன்று வைத்திருக்கின்றன. இந்த வயலை இந்தத் தேதியில் வெட்டலாம் என்று உத்தரவு வந்தபின்தான் அரிவாளை எடுக்க வேண்டும். கரும்பு காத்திருக்க வேண்டுமானால் வயலிலே நின்று காத்திருக்கட்டும், வேரோடு நிற்கிற வரையில் அதற்குச் சேதம் குறைவு என்பது இதன் தத்துவம்.

வெட்டு உத்தரவு தாமதமானால் விவசாயிக்குக் கோபம் வருவது இயற்கை. அதை முறையாக நடத்தாவிட்டால் கோபப்படுவது நியாயமும்கூட. ஆனால் உத்தரவு என்ற ஏற்பாடே வேண்டாம், அவரவர் இஷ்டப்படி வெட்டலாம் என்று விட்டால் நஷ்டம் எல்லாருக்கும் பொது. இதை வெறும் வாதமாகச் சொல்லவில்லை. வீட்டுக் கூடத்திலேயே பரீட்சை செய்து பார்க்கலாம்.

புளியங்கொட்டைப் பரீட்சை

கோல மாவினால் கூடத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதை இருபது கட்டங்களாகப் பிரியுங்கள். கட்டங்களுக்கு 1 முதல் 20 வரை எண் கொடுங்கள். இருபது துண்டுச் சீட்டுகளில் அதே எண்களை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். பத்துப் புளியங்கொட்டைகளைக் கட்டத்துக்கு ஒன்று வீதம் எங்காவது வையுங்கள். இனிக் குழந்தைகளைக் கூப்பிடலாம்.

ஒரு குழந்தை சீட்டை எடுக்க வேண்டும். சீட்டில் உள்ள எண்ணுக்குரிய கட்டத்தில் கொட்டை இருந்து, அதற்கு அடுத்த கட்டம் காலியாகவும் இருந்தால், கொட்டையை ஒரு கட்டம் முன்னே நகர்த்தலாம். இல்லாவிட்டால் ஒன்றும் செய்யக்கூடாது. சீட்டைத் திரும்ப டப்பாவில் போட்டுக் குலுக்கி, மறுபடியும் எடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு கொட்டைதான் என்பது ரயிலின் இரும்புப் பந்து விதியேதான்.

பத்துக் கொட்டைகளோடு நூறு தடவை சீட்டு எடுத்தால், சராசரியில் இருபத்தாறு தடவை ஏதாவது ஒரு கொட்டை நகரும். ஐந்து கொட்டைகள் மட்டும் இருந்தால் இருபது தடவை நகரும். கொட்டை குறைவாயிருப்பதால் நகர்ச்சியும் குறைவு. இதில் ஆச்சரியம் இல்லை. பதினைந்து கொட்டைகள் வைத்தால்? அதே இருபது தடவைதான்! மூன்று மடங்கு கொட்டைகளை நிரப்பியும் நகர்ச்சி துளிகூட அதிகமாகவில்லை. ஏனெனில் அடுத்த கட்டம் காலியாக இருப்பது அபூர்வமாகிவிட்டது. பத்தொன்பது கொட்டைகள் வைத்தால் நூற்றுக்கு ஐந்து தடவைதான் நகரும். ஒரே ஒரு கொட்டை வைத்தாலும் ஐந்துதான். போக்குவரத்து நடப்பதற்கு வண்டி எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் காலியிடமும்.

இப்போது இடுக்கு ஒன்று வைப்போம். பதினாறாவது கட்டத்திலிருந்து நகர வேண்டிய கொட்டைக்கு மட்டும் ஒரு தனி நிபந்தனை: பகடையை உருட்ட வேண்டும், ஆறு முகங்களில் ஒன்று என்ற முகம் விழுந்தால்தான் நகரலாம். மற்றக் கட்டங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. சற்று நேரத்தில் ஒரு வேடிக்கையைக் காண்பீர்கள். பதினாறுக்குப் பின்னால் கொட்டைகள் மந்தையாட்டம் சேர்ந்துவிடும். அதைத் தாண்டிய பக்கம் அனேகமாகக் காலி.

வட்டம் மிகப் பெரியதாக இருந்தால் கணக்குத் தெளிவாகத் தெரியும். பாதிக் கட்டங்களில் கொட்டை இருக்கும்போது, இடுக்கு இல்லாத வட்டத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து நகர்ச்சி. மேற்சொன்ன இடுக்கை வைத்தால் அது பன்னிரண்டு, பதின்மூன்றாக இறங்கிவிடும். ஆயிரம் கட்டங்களில் ஒரே ஒரு கட்டத்துக்குச் செய்த காரியம், ஆயிரத்தின் ஓட்டத்தையும் பாதியாக்கிவிடுகிறது! இடுக்குக்குப் பின்னால் ஏழு கட்டங்களில் ஏறக்குறைய ஆறு நிறைந்திருக்கும். முன்னால் ஏழில் ஒன்றுதான்.

அதைவிட முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. இந்த வட்டத்தில் பத்துக்கு இரண்டு பங்கு கட்டங்களில் மட்டும் கொட்டை இருக்கட்டும். அல்லது பத்துக்கு எட்டு பங்கு இருக்கட்டும். இடுக்கைத் தாண்டி வரும் கொட்டைகளின் அளவு இரண்டிலும் ஒன்றே. அதிகமாகப் போட்ட ஆறு பங்கும் வரிசையை நீட்டுவதற்குத்தான் பயன்பட்டது. கரும்பு விவசாயிக்கு வெட்டு உத்தரவு ஏன் தேவை என்பதைப் புளியங்கொட்டை சொல்லிவிட்டது. கொட்டைகளை இன்னும் மிகக் குறைத்துவிட்டால், இடுக்கு இருப்பதே தெரியாது. எப்போதோ ஒரு கொட்டை வந்து, சற்று நின்று, போய்விடும். இதனால்தான் இடுக்குகள் சாதாரண நாட்களில் கண்ணில் படாமல் இருந்து, திருவிழா நாளிலும் அரைவைப் பருவத்திலும் தலை காட்டுகின்றன.

சிறு தடைக்கும் தண்டனை உண்டா?

மேலே சொன்ன விளையாட்டைப் பண்டிதர்கள் விளையாட்டாகத் தொடங்கவில்லை. 1968-இல் மாக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் என்ற மூன்று விஞ்ஞானிகள், உயிரணுவுக்குள் நடக்கும் ஒரு வேலையை விளக்குவதற்காக இந்த மாதிரியை அமைத்தார்கள். 1970-இல் பிராங்க் ஸ்பிட்ஸர் என்ற கணித மேதை, உயிரணுவை நினைக்காமல் தனி வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நம் நாட்டவரும் இதில் பின்வாங்கியவர்கள் அல்லர். பௌதிக சாஸ்திரி தீபக் தார், இந்த மாதிரியின் ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு காலத்தில் அடங்கும் என்ற சிக்கலான கணக்கை 1987-இல் முதன்முதலாகத் தீர்த்தார். 2022-இல் பௌதிக உலகத்தின் பெரிய கௌரவங்களில் ஒன்றான போல்ட்ஸ்மான் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

1992-இல் ஜனோவ்ஸ்கி, லெபோவிட்ஸ் என்ற இருவர் ஒரே வரிசையில் ஓர் இடுக்கை வைத்து ஆராய்ந்தார்கள். அப்போது கேட்பதற்கு எளிய கேள்வி ஒன்று எழுந்தது. இடுக்கு பெரியதாக இருந்தால் ஓட்டம் குறையும், சரி. மிகமிகச் சிறியதாக இருந்தால்? மற்றக் கட்டங்களில் நூறு தடவை நகர்கிற இடத்தில், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் தொண்ணூற்றொன்பது தடவை நகர்ந்தால், முழு வரிசையின் ஓட்டமும் குறையுமா? அல்லது இவ்வளவு சிறு தடையை நெரிசலின் இயல்பான ஏற்ற இறக்கம் விழுங்கிவிடுமா?

கணிப்பொறிகளில் போட்டுப் பார்த்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். ஓர் எல்லை வரையில் தடைக்கு மன்னிப்பு உண்டு என்றார்கள் சிலர். மன்னிப்பே கிடையாது என்றார்கள் சிலர். சிறு தடையின் விளைவு அவ்வளவு நுண்ணியதாக இருந்தபடியால் யந்திரத்தாலும் வழக்கைத் தீர்க்க முடியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இழுத்த அந்த வழக்குக்கு 2014-இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதிய மூவரில் ஒருவர் ரித்திபிரதிம் பாசு என்னும் இந்திய இளைஞர். அப்போது கலிபோர்னியாவில் மாணவராக இருந்தவர். பிற்பாடு பெங்களூர் சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையத்தில் சேர்ந்தார். மற்ற இருவர் சிடோராவிசியஸ், ஆலன் ஸ்லை ஆகியோர். மூவரும் நிரூபித்த முடிவு இது: மன்னிப்புக் கிடையாது. தடை எவ்வளவு சிறியதானாலும், வரிசை போதுமான நீளமுள்ளதாக இருந்தால், அதிகபட்ச ஓட்டம் நிச்சயம் குறையும். சிறு தடைக்குச் சிறு குறைவு. ஆனால் குறைவு உண்டு.

வெள்ளாற்றோடு கிழக்கே

பெண்ணாடத்தின் அருகே ஓடுகிற வெள்ளாறு கிழக்கு நோக்கிப் போய், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. நாமும் அதோடு சிதம்பரம் வரையில் போவோம். அங்கே 1952-இல் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசை மற்ற இரண்டு விஞ்ஞானிகளோடு பகிர்ந்துகொண்டவர். 1968-இல் புளியங்கொட்டை விளையாட்டு எந்த வேலையை விளக்க ஏற்பட்டதோ, அந்த வேலையைச் செய்யும் யந்திரத்தின் அமைப்பைக் கண்டு சொன்னதற்குத்தான் அந்தப் பரிசு.

அந்த யந்திரத்துக்கு ரைபோசோம் என்று பெயர். நம் உடம்பின் பல உயிரணுக்களில் அது லட்சக்கணக்கில் இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய புரதங்களைச் செய்வதற்கான குறிப்பு, நீண்ட நூலிழை ஒன்றில் மூன்று மூன்று எழுத்துக்களாக எழுதப்பட்டிருக்கிறது. ரைபோசோம் அந்த இழையின் ஒரு முனையில் ஏறி, மும்மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே நகர்ந்து, படித்தபடி புரதத்தைக் கோத்துக்கொண்டு போகிறது. ஒரே இழையில் பல ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ஒன்றை ஒன்று தாண்ட முடியாது. ஒற்றை ரயில் பாதையேதான். எதிர் வண்டி மட்டும் இல்லை.

இங்கேயும் இடுக்கு உண்டு. சில மூன்றெழுத்துக்களுக்கு உரிய மூலப்பொருள் உயிரணுவில் அரிதாக இருக்கும். அது வந்து சேரும் வரையில் ரைபோசோம் அங்கேயே நின்றாக வேண்டும். பின்னால் வருகிறவையெல்லாம் வரிசையில் நிற்கும். பல ஜீவராசிகளின் குறிப்புகளில் இப்படிப்பட்ட மெதுவான எழுத்துக்கள் தொடக்கத்திலேயே அதிகமாக அமைந்திருப்பதை 2010-இல் ஒரு குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். வண்டிகளை வாசலிலேயே சற்று இடைவெளி விட்டு அனுப்பினால் நடுவழியில் நெரிசல் வராது என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது என்பது அவர்களுடைய கருத்து. அப்படியானால் வெட்டு உத்தரவு மனிதன் கண்டுபிடித்த புதுமை அல்ல!

இடுக்கு எப்போதும் கெடுதல்தானா? அதுவும் இல்லை. நம் உடம்பில் புகுந்து நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் ரைபோசோம்களைக் கொண்டுதான் உயிர் வாழ்கின்றன. அவற்றின் ரைபோசோம்கள் நம்முடையவற்றிலிருந்து சற்று வேறுபட்டவை. எரித்ரோமைசின் என்ற மருந்து, அந்த ரைபோசோமிலிருந்து புரத இழை வெளியே வரும் துளையில் போய் அடைத்துக்கொள்கிறது. ஸ்பெக்டினோமைசின் ரைபோசோமை இழையின்மேல் முன்னே நகரவிடாமல் தடுக்கிறது. ராமகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட படங்களில், இப்படிப்பட்ட மருந்துகள் ரைபோசோமின் எந்த மூலையில் போய் உட்காருகின்றன என்பது தெளிவாகத் தெரிந்தது. எதிரியின் பாதையில் வேண்டுமென்றே வைத்த இடுக்கு, குழந்தையின் ஜுரத்தை இறக்குகிறது.

எறும்பு சொல்லும் பாடம்

ஒற்றை வரிசை என்றதும் எறும்புகளை நினைக்காமல் இருக்க முடியாது. கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த தேவாசிஷ் சௌதுரியும் ஜெர்மனி, ஜப்பான் தேச விஞ்ஞானிகளும் சேர்ந்து எறும்புச் சாரைகளைப் படம் பிடித்து அளந்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மோட்டார் வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் குறைந்து கடைசியில் நின்றுவிடுகின்றன. அவர்கள் பார்த்த எறும்புகளோ, சாரை நெருக்கமானபோதும் வேகத்தை அனேகமாக ஒரே அளவில் வைத்துக்கொண்டன. அவை ஒன்றை ஒன்று முந்தவில்லை. எல்லாம் ஒரே வேகத்தில் நடந்தன. ஆகவே நெரிசல் என்ற நிலையே வரவில்லை. முந்திக்கொள்ளும் ஆசையை எறும்புக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லைபோல் இருக்கிறது.

வீட்டுக்கு வருவோம்

தீபாவளியன்று காலையில் பத்துப் பேர் இலை போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அடுப்பில் தோசைக்கல் ஒன்று. ஒரு தோசைக்கு இரண்டு நிமிஷம். கூடத்திலிருந்து “தோசை எங்கே, தோசை எங்கே?” என்ற கோஷம் வானைப் பிளக்கிறது. எஜமானர் எழுந்து வந்து, பரிமாறுகிறவரைச் சீக்கிரம் நடக்கச் சொல்கிறார். மாவு இன்னும் கொஞ்சம் கரைக்கச் சொல்கிறார். சட்னி அரைக்க இன்னொருவரை ஏவுகிறார். பரிமாறுகிறவர் ஓடினாலும், மாவு குடம் குடமாக இருந்தாலும், மணிக்கு முப்பது தோசைதான். ஒன்று, இன்னொரு கல்லை ஏற்ற வேண்டும். அல்லது ஐந்து ஐந்து பேராக உட்கார வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. கோஷம் போடுவது வழியே அல்ல.

ரயில் பாதைக்கும் ஆலைக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டு ஜன்னலுக்கும் ரேஷன் கடைக்கும் இதே விதிதான். கூட்டம் நிற்கிற இடத்தில் நின்று அதட்டுவது எளிது. முன்னே நடந்துபோய், எந்த இடத்தைத் தாண்டியதும் வழி வெறிச்சென்று இருக்கிறது என்று பார்ப்பது சிரமம். அப்படிப் பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் இடுக்கு அகப்படும். பணமும் உழைப்பும் அந்த ஓர் இடத்தில் சேர வேண்டும். அது சரியாகும் வரையில், பின்னால் வருகிறவர்களை வாசலிலேயே முறை வைத்து அனுப்ப வேண்டும். முறை என்றால் எல்லாருக்கும் ஒரே முறை. செல்வாக்குள்ளவன் பக்கவாட்டில் நுழைகிற முறை அல்ல. ஒருவன் நுழைந்தால் வரிசை முழுவதும் ஓர் இடம் பின்னே போகிறது. கடைசியில் நிற்கிற ஏழை விவசாயியின் கரும்பு இன்னொரு நாள் காய்கிறது.

அந்தப் பெரியவரிடம் விடைபெறும்போது, “இத்தனை வருஷம் வண்டிகளைப் பார்த்திருக்கிறீர்களே, நீங்கள் கற்றுக்கொண்டது என்ன ஐயா?” என்று கேட்டேன். சற்று யோசித்தார்.

“வண்டி நின்னா நான் பின்னாலே பார்க்க மாட்டேன் தம்பி. முன்னாலே, கைகாட்டிக்கு அந்தாண்டை என்ன இருக்குன்னு பார்ப்பேன்” என்றார்.

அப்போது வடக்கேயிருந்து ஒரு வண்டி வந்தது. நிற்காமலே பெண்ணாடத்தைத் தாண்டி, வெள்ளாற்றுப் பக்கம் ஓடி மறைந்தது.